சத்தம் போடாத வண்டி

ஆகஸ்ட் 6, ஞாயிறு

காளியப்பன் ஜீப்பை விற்றுவிட்டு மலையை விட்டுக் கீழே குடிபோய் இன்றோடு இருபத்து மூன்று நாள். மூங்கில்பள்ளத்தில் நாற்பத்தொரு வீடு இருக்கிறது. இப்போது நாலு சக்கர வண்டி ஒன்றுகூட இல்லை. மினி பஸ் வந்து திரும்பும் கைகாட்டிக்கு ஆறு கிலோமீட்டர். வெயில் காலத்தில் மொபட் போகும், நடக்கவும் நடக்கலாம். ஐப்பசி மழை இறங்கி ஓடை பெருகிவிட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி மட்டும்தான் தாண்டும்.

மகள் ரெஜினா போனில் கெடு வைத்துவிட்டாள். மழைக்குள் வண்டி வாங்க வேண்டும். இல்லையென்றால் நானும் அவள் அம்மாவும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்டுக்கல்லில் அவள் வீட்டோடு வந்துவிட வேண்டும். போன வருஷ மழையில் கவாத்து அரிவாள் என் காலில் இறங்கியபோது காளியப்பன் ஜீப் இருந்தது, பிழைத்தேன். மகள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்த வீடு மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். பொங்கலுக்குப் போய் நாலு நாள் இருந்தேன். நாலாவது நாள் கீழே இறங்கி, யாருடையது என்றே தெரியாத ஒரு காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சுகாதாரத் துறையில் முப்பத்தொரு வருஷம் ஜீப் ஓட்டினேன். ஒரு சிராய்ப்பு கிடையாது. தினமும் லாக் புக் எழுதிய கை. ஓய்வு பெற்ற பிறகும் எழுதாமல் படுத்தால் வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. அதனால் இந்த நோட்டு.

பழைய வண்டி போதும். பெட்ரோலா டீசலா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டீசல். என் மனைவி மதலேன் பெட்ரோல் என்கிறாள். டீசல் வாடை அவளுக்குக் குமட்டுமாம். முப்பத்தொரு வருஷம் டீசல் வாடையோடு வீட்டுக்கு வந்தவனோடுதானே குடித்தனம் நடத்தினாய் என்று கேட்டேன். பதில் சொன்னாளா என்று தெரியவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மதலேன் காலையில் சின்னக்காளையின் மொபட்டில் ஏறிக் கைகாட்டி போய், அங்கிருந்து பஸ்ஸில் வத்தலக்குண்டு. தங்கை செசிலி வீட்டுக்கு. அவளுக்கு உடம்பு சரியில்லையாம், வாரம் இரண்டு நாள் போக வேண்டுமாம். சின்னக்காளை இந்த ஊரின் ஒரே கடைக்காரன். செவ்வாயும் வெள்ளியும் சரக்கு எடுக்க இறங்குவான்.

மிளகுக் கொடிகளுக்குக் கீழே களை எடுத்தேன். இந்த வருஷம் சில்வண்டுச் சத்தமே இல்லை. ஆளாளுக்கு அடிக்கிற மருந்துதான் காரணம்.

ஆகஸ்ட் 12, சனி

வத்தலக்குண்டில் மைதீன் பாய் பட்டறை. துறையில் இருந்த காலத்திலிருந்தே என் வண்டிக்கு அவர்தான் கை வைப்பார். நல்ல டீசல் ஜீப் ஒன்று பாருங்கள் என்றேன்.

எதற்கு டீசல் என்று கேட்டார். வரிசையாகச் சொன்னேன். முதல் கியரில் மெதுவாக ஏறும்போது டீசலுக்கு உள்ள இழுவை பெட்ரோலுக்கு வராது. ஓடையில் இறங்கினால் பெட்ரோல் வண்டியில் பிளக் வயர் நனைந்து நின்றுவிடும். டீசல் தண்ணீருக்குள்ளேயும் மூச்சு வாங்கிக்கொண்டு போகும். மழைக்கு நாலு கேன் வாங்கிக் கொட்டகையில் வைத்துக்கொள்ளலாம், பெட்ரோலை அப்படி வைத்தால் வீட்டுக்குள் வெடி வைத்த மாதிரி. லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கூடுதலாகத் தரும்.

பாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் கணக்கைச் சொன்னார். வாரத்துக்கு இரண்டு நடை, ஒரு நடைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு மைலேஜ் எதற்கு? பழைய டீசலில் பம்பும் நாசிலும் ஒருமுறை போனால் அந்த மிச்சமெல்லாம் ஒரே நாளில் போகும். மலைக் குளிரில் காலையில் ஹீட்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். பிளக் வயருக்கு ரப்பர் உறை போட்டுக் கொடுத்தால் ஓடையைப் பற்றிக் கவலை இல்லை.

இருந்தாலும் டீசல்தான் என்றேன். டீசல் வண்டி ஓட்டுகிறவனோடு பேசும். பெட்ரோல் ஊமை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மாதா திருநாள். கோயிலுக்குப் போனோம். மதலேன் இன்று செசிலி வீட்டுக்குப் போகவில்லை. செசிலிக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டேன். ஏதோ முட்டி வலி என்றாள், அல்லது கட்டி என்றாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

நிலக்கோட்டையில் ஒரு பெட்ரோல் ஜிப்ஸி, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. மதலேனுடைய பிடிவாதத்துக்காகப் போனேன். பாயையும் அழைத்துக்கொண்டோம். வண்டிக்காரர் சிதம்பரநாதன், காப்பித் தோட்டத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வண்டி. அறுபத்தோராயிரம் கிலோமீட்டர். பேட்டரிப் பெட்டிக்குக் கீழே மட்டும் லேசாகத் துரு. அவர் வண்டியைக் காட்டிய விதத்திலேயே விற்க மனசில்லை என்று தெரிந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். வண்டி எடுக்கவில்லை. மறுபடி திருப்பினேன். சாவியிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு நறநறப்பு ஏறியது. சிதம்பரநாதன் பதறிக் கையை ஆட்டினார். முதல் திருப்பிலேயே வண்டி ஓட ஆரம்பித்திருக்கிறது. ஓடுகிற எஞ்சினில் போய் செல்ஃப் ஸ்டார்ட்டரைத் திருப்பிவிட்டேன்.

பெட்ரோலில் இதுதான் தொல்லை. ஓடுகிறதா நிற்கிறதா என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. இதை அங்கேயே சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

பாய் பானெட்டைத் திறந்து நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம் நீட்டினார். "கேளுங்கண்ணே. டேப்பட் சத்தம் இருக்கா?" ஒரு காலத்தில் இந்த மாவட்டத்தில் டேப்பட் சத்தத்தை, வால்வு தட்டுகிற அந்த டக்டக்கை, நின்ற இடத்திலிருந்தே சொல்கிறவன் நான். வைத்துக் கேட்டேன். லேசாக இருக்கிறது என்றேன். பாய் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிண்ணே" என்று மூடிவிட்டார்.

நாங்கள் விலை பேசிக்கொண்டிருந்தபோது மதலேன் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்து மிதித்துப் பார்த்தாள். விளையாட்டுக் காட்டாமல் இறங்கு என்றேன். "சீட்டு பஞ்சு மாதிரி இருக்கு" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

மதலேன் வத்தலக்குண்டு. நான் காப்பிச் செடிக்குக் கவாத்து. ரெஜினா போன் செய்தாள். டவர் சரியில்லை, பாதி பாதியாக விழுகிறது. அம்மா வந்ததும் பேசச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

புரோக்கர் வெள்ளிமலை வீடு தேடி வந்தார். ஒட்டன்சத்திரத்தில் ஒரு டீசல் ஜீப் இருக்கிறதாம். பச்சை நிறம். நாலு டயரும் புதுசு. நான் கேட்பதற்கு முன்பே என் மனசில் இருப்பதையெல்லாம் அவரே சொன்னார். "பெட்ரோல் வண்டியெல்லாம் டவுனுல பொண்டு புள்ளைய கூட்டிக்கிட்டு பீச்சுக்குப் போறதுக்குண்ணே. ஒங்க கைக்கு டீசலுதான்."

மதலேன் அவருக்குக் காப்பி கொடுத்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். அப்படி மறக்கிறவள் இல்லை.

செப்டம்பர் 9, சனி

ஒட்டன்சத்திரம் போய்ப் பார்த்தேன். சாவியைத் திருப்பியதும் உள்ளங்காலில் தொடங்கி முதுகுத்தண்டு வரைக்கும் அதிர்ந்தது. எத்தனை நாளாயிற்று. வெள்ளிக்கிழமை எங்கள் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் தருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

எழுத வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு வெள்ளிமலையோடு ஜீப்பை ஊருக்கு ஏற்றினேன். நல்ல இழுவை. ஓடையை இரண்டாவது கியரில் தாண்டியது. மதலேன் வீட்டில் இல்லை, வெள்ளிக்கிழமை. காட்ட முடியவில்லை என்று எனக்கு வருத்தம். மூன்றே முக்காலுக்கு இறங்கினோம்.

மூன்றாவது வளைவு. பாறை ஒரு பக்கம், சரிவு ஒரு பக்கம், ஒரு வண்டிதான் போகும். எங்கள் ரோட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும். அடித்துவிட்டுப் பதில் ஹாரன் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால், இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். நான் அடித்தேன். பதில் இல்லை. திரும்பினேன்.

எதிரே சின்னக்காளையின் மொபட் வந்தது. பின்னால் சாக்கு மூட்டை. மூட்டைக்கும் அவனுக்கும் நடுவில் மதலேன்.

பிரேக்கை மிதித்தேன். அவன் மொபட்டைப் பாறைப் பக்கம் சாய்த்துவிட்டான். பம்பர் அவன் கண்ணாடியைத்தான் உடைத்தது. அரிசி கொட்டிவிட்டது. மதலேனின் இடது முழங்கை பாறையில் உரசித் தோல் போய் ரத்தம். அவள் எழுந்து, முதலில் புடவையைத் தட்டினாள். என்னைப் பார்த்தாள்.

ஹாரன் அடிக்காமல் ஏன் வந்தாய் என்று சின்னக்காளையைச் சத்தம் போட்டேன். அவன் என்னைவிட முப்பது வயது சின்னவன், எதிர்த்துப் பேச மாட்டான். தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு தடவ அடிச்சேன் டிரைவரய்யா" என்றான். வெள்ளிமலை குறுக்கே வந்தார். அவன் அடிக்கவே இல்லை, நானும்தானே பக்கத்தில் இருந்தேன், இந்தக் காலத்துப் பையன்கள் எல்லோரும் இப்படித்தான் என்றார்.

மதலேன் கீழே உட்கார்ந்து அரிசியை அள்ள ஆரம்பித்தாள்.

செப்டம்பர் 16, சனி

அவன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் கேட்டிருக்கும்.

கடைக்குப் போய் உடைந்த கண்ணாடிக்குப் பணம் கொடுத்தேன். வாங்க மறுத்தான். வைத்துவிட்டு வந்தேன். வெள்ளிமலை இரண்டு தடவை போன் செய்தார், முன்பணம் எப்போது என்று.

செப்டம்பர் 17, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காலை ஆறரைக்கே மூன்றாவது வளைவுக்குப் போனேன். வளைவுக்கு மேலே பாறையில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு பக்கத்து ரோடும் தெரியும். கீழே வருகிறவனின் கை ஹாரன் பொத்தானை அமுக்குவதுகூடத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கோயிலுக்கும் சந்தைக்கும் வண்டிகள் போய் வரும். நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டேன். நேரம், வண்டி, ஹாரன் அடித்ததைக் கண்டேனா, கேட்டேனா.

6.50 மொபட். கண்டேன். கேட்கவில்லை.
7.05 மொபட். கண்டேன். கேட்கவில்லை.
7.20 பைக். கண்டேன். கேட்கவில்லை. இரண்டு முறை அமுக்கினான்.
8.10 வாழைத்தார் ஏற்ற வந்த டிராக்டர். கேட்டது. ஹாரன் அல்ல, எஞ்சின்.
9.40 மொபட். கேட்கவில்லை.
10.15 வனத்துறை ஜீப். டீசல். கேட்டது.
11.30 சின்னக்காளை. புதுக் கண்ணாடி மாட்டியிருந்தான். வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே அமுக்க ஆரம்பித்து, வளைவு தாண்டும்வரை கட்டைவிரலை எடுக்கவில்லை. கேட்கவில்லை.

ஏழில் இரண்டு.

எனக்குக் காது கேட்கவில்லை. எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 18, திங்கள்

வெள்ளிமலையிடம் டீசல் ஜீப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெட்ரோலும் வேண்டாம். ஓட்ட ஆள் இல்லாத வண்டி எதற்கு? மதலேனிடம் இன்னும் சொல்லவில்லை. திண்டுக்கல் வீட்டில் என் பெட்டியை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மிளகை யாருக்குக் குத்தகைக்கு விடுவது என்றும்.

செப்டம்பர் 19, செவ்வாய்

மதலேன் இன்று வத்தலக்குண்டு போகவில்லை, முழங்கைக் கட்டோடு இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"ஏழுல ரெண்டா? நான் ஒண்ணுதான்னு நெனச்சேன்."

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். இரண்டு விரலைக் காட்டினாள். மாதமா என்றேன். வருஷம் என்றாள். நான் டவர் இல்லை என்று போனை வைக்கும்போதெல்லாம் ரெஜினா உடனே அவளைக் கூப்பிடுவாளாம். சில்வண்டு இல்லை என்று நான் மருந்துக்காரர்களைத் திட்டும்போது, தோட்டம் முழுக்க அது காதைத் துளைத்துக்கொண்டிருக்குமாம்.

பிறகு உள்ளே போய்ப் பைபிளுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் உறையை எடுத்துவந்தாள். பழகுநர் ஓட்டுநர் உரிமம். மதலேன் சந்தியாகு, வயது ஐம்பத்தாறு. படத்தில் முறைத்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் எட்டாம் தேதி போட்டது.

செவ்வாயும் வெள்ளியும் செசிலி வீடு இல்லை. டிரைவிங் ஸ்கூல். சொல்லிக்கொடுக்கிறவர் அவளை அம்மாச்சி என்று கூப்பிடுகிறாராம். செசிலிக்குத் தெரியும். ரெஜினாவுக்குத் தெரியும். சின்னக்காளைக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை டெஸ்ட்.

முப்பத்தொரு வருஷம் ஓட்டியவன் நான் வீட்டில் இருக்கும்போது, காசு கொடுத்து எவனிடமோ போய்க் கற்றுக்கொண்டாயா என்று கேட்டேன். அதுதான் வாயில் வந்தது.

"ஒங்ககிட்ட வந்து கத்துக்குடுங்கன்னா, எதுக்குன்னு கேப்பீங்க. நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றாள். சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக. அவள் இப்போதெல்லாம் இப்படித்தான் பேசுகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நானும் இந்த மலைய விட்டு எறங்க மாட்டேங்க. எனக்கும்தான் அந்த மூணாவது மாடி."

செப்டம்பர் 20, புதன்

அவளோடு பேசவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

பேசவில்லை. அவள் பேசினாளா என்று தெரியாது.

செப்டம்பர் 22, வெள்ளி

மதலேன் பாஸ். முழங்கையில் கட்டோடு போய், ரிவர்ஸை ஒரே தடவையில் எடுத்தாளாம். இன்ஸ்பெக்டர் எதற்கு இந்த வயதில் என்று கேட்டாராம். வீட்டுக்காரருக்கு வேண்டியிருக்கிறது என்றாளாம். செசிலி லட்டு கொடுத்தனுப்பியிருந்தாள். இரண்டு தின்றேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

திண்டுக்கல்லில் காது டாக்டர். ரெஜினா கூட வந்தாள். ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்த நேரத்தில் வெளியே ரெஜினா அழுதாளாம். மதலேன் சொன்னாள்.

டாக்டர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். திறந்த ஜீப்பா என்றார். ஆமாம். டீசலா? ஆமாம். வலது காது இடதைவிட அதிகமாகப் போயிருக்கிறது, ஜன்னல் பக்கத்துக் காது என்றார். ஹாரன், சில்வண்டு மாதிரி கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும், தடித்த சத்தம் கடைசிவரை நிற்கும். அதனால் போனது போகிறவருக்குத் தெரியாது. மெஷின் வைத்தால் வீட்டுக்குள் பேச்சு கேட்கும், ரோட்டில் அதை நம்பி ஓட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றாலும் முப்பத்தொரு வருஷத்துக்கு நாற்பதாயிரம் மணிக்கு மேல் வருகிறது. அத்தனை நேரமும் அது பேசியதை நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

நிலக்கோட்டை. வெள்ளை ஜிப்ஸி இன்னும் போகவில்லை. சிதம்பரநாதன் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், ஓட்டத் தெரியாதவர்கள் என்று. இப்போது ஓட்டப் போவது யார் என்று கேட்டார். மதலேனைக் காட்டினேன். ஓட்டிக் காட்டச் சொன்னார். அவள் தெருவைச் சுற்றிவிட்டு வந்து வாசலில் நிறுத்தினாள். ஒரு தடவைதான் அணைந்தது. அவர் என்னிடம் எதுவும் கேட்காமல் சாவிக் கொத்திலிருந்து தன் வீட்டுச் சாவியைக் கழற்ற ஆரம்பித்தார்.

பெட்ரோலா டீசலா என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இழுவை, ஓடை, கேன், மைலேஜ் எல்லாம் பார்த்தேன். ஓட்டுகிறவர் யார் என்பதைப் பார்க்கவில்லை. அவளுக்கு லேசான கிளட்ச் வேண்டும். வெளியே வருகிற ஹாரன் உள்ளே கேட்க வேண்டும். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

பாயும் வந்திருந்தார். பிளக் வயருக்கு ரப்பர் உறை மாட்டிக்கொண்டிருந்தபோது அவரிடம் மெதுவாகக் கேட்டேன், அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவரில் டேப்பட் சத்தம் இருந்ததா என்று.

"கெடையாதுண்ணே. இந்த எஞ்சின் பூனை மாதிரி இருக்கும்."

அப்புறம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்க கேக்கல. நானும் சொல்லல" என்றார். எந்தக் கேட்காததைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

ஒரு வாரமாகத் தினம் காலையில் கைகாட்டி வரைக்கும் போய்த் திரும்புகிறோம். அவள் ஓட்டுகிறாள், நான் இடது சீட்டில். இந்த ரோட்டில் இடது பக்கத்துச் சரிவு இவ்வளவு ஆழம் என்று இதுவரை எனக்குத் தெரியாது. ஓட்டுகிறவன் ரோட்டைத்தான் பார்ப்பான்.

இல்லாத பிரேக்கை நான் மிதித்துக்கொண்டே இருக்கிறேனாம். காலைத் தூக்கி மேலே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். ஏறும்போது கியரைச் சீக்கிரம் மாற்றுகிறாள். பெட்ரோலை மிதித்துச் சுற்றவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், டீசல் மாதிரி தானாக இழுக்காது. இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கே நாலு நாள் ஆயிற்று, எனக்கும் அது புதுசு. எஞ்சின் திணறுவது எனக்குக் கேட்காததால், வண்டியின் முன்பலகையில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்துச் சொல்கிறேன்.

சின்னக்காளையிடம் போய், அன்று நீ இரண்டு தடவை அடித்தாய் என்று சொன்னேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள், இருக்கட்டும் என்றுதான் அப்போது போனேன். "விடுங்கய்யா, அரிசிய அக்கா அள்ளிக் குடுத்துருச்சு" என்றான்.

அக்டோபர் 16, திங்கள்

மழை தொடங்கிவிட்டது. ஓடை கலங்கல், முழங்கால் அளவு.

அக்டோபர் 20, வெள்ளி

நாலு நாள் விடாத மழை. ஓடை தொடை அளவு. மொபட்டுகள் நின்றுவிட்டன. மேலத் தெரு ராயப்பனின் மனைவிக்கு விடிகாலையிலிருந்து வயிற்றுவலி, வாந்தி. ஏழு மணிக்கு ராயப்பன் வந்து வாசலில் நின்றான். அவன் என்னிடம்தான் சொன்னான். நான் மதலேனைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே சாவியை எடுத்திருந்தாள்.

ஓடைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி நான் இறங்கி, குச்சி வைத்து ஆழம் பார்த்தேன். நாலு சக்கர இழுவையைப் போடச் சொன்னேன். முதல் கியர், நடுவில் மாற்றாதே, காலை எடுக்காதே. பலகையில் கை வைத்து உட்கார்ந்தேன். பம்பருக்கு முன்னால் அலை எழுந்து விலகியது. கையில் அதிர்வு ஒரே சீராக இருந்தது. தாண்டினோம். பின் சீட்டில் ராயப்பன் சிலுவை போட்டுக்கொண்டான்.

மூன்றாவது வளைவுக்கு முன்னால் மதலேன் ஹாரன் அடித்துவிட்டு நிறுத்தினாள். பதில் ஹாரன் வருகிறதா என்று சைகையில் கேட்டேன். சந்தேகமாகக் கையை விரித்தாள். மழை கூரையில் அடிக்கிறது, பின்னால் அந்தப் பெண் முனகுகிறாள். பதில் வந்ததா இல்லையா என்று மதலேனுக்கும் நிச்சயமில்லை. நின்றோம். ஒரு நிமிஷம் ஆயிற்று. எதுவும் வரவில்லை. இறங்குகிற வண்டி இவ்வளவு நேரம் நிற்கக் கூடாது, சக்கரம் புதையும். எடு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

சொல்லவில்லை. கதவைத் திறந்து இறங்கி, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வளைவு வரைக்கும் நடந்தேன். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ரோடு காலியாக இருந்தது, செம்மண் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்று கையைத் தூக்கி வரச் சொன்னேன். வந்தாள். அடுத்த வளைவிலும் இறங்கினேன். அதற்கடுத்ததிலும். மொத்தம் பதினொரு வளைவு. ஆறு கிலோமீட்டருக்கு ஐம்பத்தைந்து நிமிஷம். நான் தனியாக ஓட்டியிருந்தால் இருபத்தைந்தில் இறங்கியிருப்பேன்.

கைகாட்டியில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. குடல்வால் என்று மத்தியானம் ராயப்பன் போன் செய்தான், ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறாளாம்.

திரும்பி வரும்போது முதல் வளைவில் நான் இறங்கிப் பார்த்துவிட்டு, நனைந்துபோய் வந்து கதவைத் திறந்தேன். மதலேன் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். மழையில் காதில் விழவில்லை. இந்த மாதிரி நேரத்தில் நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பது வழக்கம்.

"என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் என் பக்கம் குனிந்து மறுபடி சொன்னாள். "கிளீனர் வேலை நல்லாத்தான் பாக்குறீங்க. மேல போயி சம்பளம் பேசிக்கலாம், ஏறுங்க."

ஏறிக் கதவைச் சாத்தினேன்.